ஒரே மெஷினில் எல்லா நோயுமா?

கேள்வி: காசநோயா என்று பார்க்கச் சளி கொடுத்திருக்கிறேன். அதே மெஷினில் எச்.ஐ.வி., கொரோனாவும் பார்க்கலாமாம். ஒன்றோடொன்று கலந்துவிடாதா? நோய்க்கு ஒன்றாகத் தனித்தனி மெஷின் வைத்தால் என்ன?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: கலக்காது, பயப்படாதீர்கள். நீங்கள் சொல்வது ஜீன்எக்ஸ்பர்ட் மாதிரியான மெஷின் என்று நினைக்கிறேன். அதில் ஒவ்வொருவருடைய மாதிரியும் காட்ரிட்ஜ் என்கிற தனித்தனி மூடிய சிறு பெட்டிக்குள் போகிறது, ஒருமுறை பாவித்தால் எறிந்துவிடுவார்கள், எந்த நோயைத் தேடுவது என்பதும் அந்தக் காட்ரிட்ஜுக்குள் இருக்கும் பரிசோதனை ரசாயனத்தைப் பொறுத்ததுதான். ஆள் மாறிப்போக வாய்ப்பிருப்பது லேபல் ஒட்டும் இடத்தில். ஆகவே போத்தலில் உங்கள் பெயர் சரியா என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனித்தனி மெஷினா? காசு யார் தருவது! 2010இல் உலக சுகாதார நிறுவனம் இதைக் காசநோய்க்குப் பரிந்துரைத்தது, முடிவு வர ஏறக்குறைய 2 மணி நேரம். ஒரே நேரத்தில் 4 காட்ரிட்ஜ் வைக்கக்கூடிய மெஷின் 8 மணி நேரத்தில் சுமார் 16 பரிசோதனை செய்யும். காசநோயாளர் குறைவான ஊரில் பாதி நேரம் அது சும்மா கிடக்கும், அந்த நேரத்தில் எச்.ஐ.வி. வைரஸ் அளவு, ஹெபடைடிஸ் சி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. எல்லாம் பார்க்கலாம். டெக்னீஷியன், கரண்ட், பழுதுபார்ப்புச் செலவும் பங்காகிவிடும்.

ஆனால் வரிசையை ஒழுங்காக வகுக்காவிட்டால் ஒரு நோய் மற்றதைத் தள்ளிவிடும். 2020இல் பல நாடுகளில் கொரோனாவுக்காகக் காசநோய்ப் பரிசோதனை பின்னுக்குப் போனது அப்படித்தான்.