ஒன்பது கோயில் பார்த்தும் நிம்மதி இல்லை

கேள்வி:

எனக்கு வயது 46. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் மாமியார், இரண்டு நாத்தனார்கள், அவர்கள் குடும்பம் என்று 14 பேர் வேனில் நவக்கிரகக் கோயில்களுக்குப் போனோம். வெள்ளி இரவு பத்து மணிக்குச் செங்கல்பட்டில் கிளம்பி, விடியற்காலை மூன்றரைக்குக் கும்பகோணம். லாட்ஜில் இரண்டே அறை. ஐந்து மணிக்குத் திரும்ப வண்டியில். திங்களூர், ஆலங்குடி முடித்துத் திருநாகேஸ்வரம் போனபோது ஒன்பதரை. ராகு கால அபிஷேகக் கூட்டம். "மூணு கோயில் முடிச்சுட்டு டிபன்" என்று பெரிய நாத்தனார் சொல்லியிருந்தார். வேனிலேயே மாத்திரை போட்டிருந்தேன். வரிசையில் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. "நகருங்க அண்ணி" என்று சின்ன நாத்தனார் சொன்னதும் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். ராத்திரி திருநள்ளாறில் மூன்று மணி நேரம் வரிசை. சனீஸ்வரன் முன்னால் நின்றபோது மனதில் ஒன்றுமே வரவில்லை, எப்போது உட்காரலாம் என்பதைத் தவிர. "கோபத்தோட கும்பிட்டா பலிக்காது" என்றார் மாமியார். வீடு வந்து அழுதேன். பக்தி போய்விட்டதா? அடுத்து காசிக்கு ஒன்பது நாள் போகத் திட்டம் போடுகிறார்கள். வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

— வாசகி, செங்கல்பட்டு

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எழுதியதில் பக்தி குறைந்ததற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தூக்கமும் சாப்பாடும் இல்லாத ஒரு உடம்புதான் தெரிகிறது.

முதலில் அந்த ஒன்பதரை மணியைப் பார்ப்போம். மாத்திரை உள்ளே போயிருக்கிறது, சாப்பாடு போகவில்லை. வியர்வை, நடுக்கம், காரணமில்லாத சீற்றம் மூன்றும் சேர்ந்து வந்தால் சர்க்கரை இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது அரிது. கிளிமிபிரைடு போன்றவை சேர்ந்திருந்தால் அடிக்கடி நடக்கும். உங்கள் மாத்திரை எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள், பயண நாளில் எப்போது போடுவது என்பதையும் சேர்த்து. இனி வெளியூர் போனால் குளுக்கோமீட்டர் கைப்பையில் இருக்கட்டும். 70க்குக் கீழே போனால், அல்லது பார்க்க வழியில்லாமல் கை நடுங்கினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சரியானதும் இரண்டு இட்லியாவது உள்ளே போகவேண்டும். சின்ன நாத்தனாரிடம் "அன்னிக்கு எனக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும்போல, உன் மேல கோபம் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தப் பாரம் பாதி குறையும்.

குழுப் பயணங்களில் பெண்கள் செய்யும் இன்னொன்றும் உண்டு: கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. கழிப்பறை இரண்டு, ஆள் 14, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 35 நிமிடம். எந்தத் திட்டத்திலும் இந்த 35 நிமிடம் எழுதப்படுவதில்லை. ஆகவே எல்லோரும் அடக்குகிறார்கள், மதியத்துக்குள் பாதிப் பேருக்குத் தலைவலி, சாயங்காலம் சண்டை. திங்களூரில் அப்பர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் அப்பூதி அடிகள். அந்த ஊருக்கே போய்விட்டு நாம் தாகத்தோடு வண்டி ஏறுகிறோம்!

ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்தால்தான் பலன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வேன் வாடகைக் கணக்கு. திங்களூர் கும்பகோணத்துக்கு மேற்கே, கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகார் பக்கம், திருநள்ளாறு காரைக்காலை ஒட்டி. நடுவில் மதியம் பன்னிரண்டரை, ஒரு மணிக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்குள் ஆறு கோயில் என்று ஓடுவதால்தான் டிபன் தள்ளிப்போகிறது. ஆலங்குடியில் ஒருவர் 24 விளக்கு ஏற்ற நின்றால் மொத்த வண்டியும் பின்தங்கும். உங்கள் குழு போனது சனிக்கிழமை வேறு. திருநள்ளாறில் மூன்று மணி நேரம் நின்றதில் ஆச்சரியமே இல்லை.

இரண்டு நாளாகப் பிரித்திருந்தால் இதே பயணம் வேறு மாதிரி இருந்திருக்கும். முதல் நாள் காலை திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம். மதியம் அறையில் படுக்கை. மாலை சூரியனார்கோயில், கஞ்சனூர். மறுநாள் காலை வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம். நான்கு மணிக்கு மேல் திருநள்ளாறு. வாரத்தின் எந்த நாளிலும் ஏதாவது ஒரு கிரகத்துக்கு விசேஷம் இருக்கும், கூட்டத்தை முழுக்கத் தவிர்க்க முடியாது. செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் இந்த வரிசைக்குப் பரவாயில்லை, புதன் கிரகத்துக்குரிய திருவெண்காட்டில் மட்டும் கொஞ்சம் நெரிசல். திருநள்ளாறு நளதீர்த்தக் குளத்தின் படிகளில் எண்ணெய் வழுக்கும். மாமியாரைத் தனியாக இறங்க விடாதீர்கள்.

சந்நிதியில் மனம் வெறுமையாக இருந்ததே என்கிறீர்கள். முந்தின இரவு தூங்காமல், பதினான்கு மணி நேரம் அலைந்த மூளை அப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்கியதும் இது தெளியவேண்டும். ஒரு மாதம் ஆகியும் அழுகை வருகிறது, கூட்டம் என்றாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் மட்டும் நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். நெரிசலில் மூச்சு முட்டினால் கம்பித் தடுப்பை ஒட்டி நிற்காமல், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி இடம் வைத்துக்கொண்டு, இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக்குங்கள்.

காசி விஷயத்தில் இப்போதே முடியாது என்று சொல்லவேண்டியதில்லை. நம் வீடுகளில் சும்மா இருந்தால் சம்மதம் என்று கணக்கு. அதனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் பேசுங்கள். பெரிய நாத்தனாரிடம், அதுவும் எல்லோர் முன்னாலும் இல்லாமல் தனியாக: "அண்ணி, எனக்கு எட்டு மணிக்கு டிபன், ராத்திரி ஆறு மணி நேரத் தூக்கம், நடுவுல ஒரு நாள் ஓய்வு. இந்த மூணும் இருந்தா வரேன். இல்லேன்னா நீங்க போயிட்டு வாங்க, வீட்டை நான் பார்த்துக்கறேன்." பிறகு "வழியிலதானே இருக்கு" என்று புதுக் கோயில் சேர்ந்தால், "நான் அறையிலேயே இருக்கேன்" என்று சொல்லும் உரிமையையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பினால், விஸ்வநாதர் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால், பிரிந்தால் எங்கே சேர்வது என்று வாசலிலேயே முடிவு செய்யுங்கள். லாட்ஜின் பெயரும் நம்பரும் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் இடுப்பிலும் இருக்கட்டும், மாமியாருக்கு இந்தியில் எழுதியதாக.