பழைய மாருதி 800-க்கு வீட்டிலேயே மெஷ் கிரில்: எந்த வலை, எப்படிப் பொருத்துவது?

கேள்வி: என்னுடையது 2004 மாடல் மாருதி 800, ஏசி வண்டி. முன் கிரில்லில் இரண்டு பட்டைகள் உடைந்துவிட்டன. கறுப்பு மெஷ் கிரில்லாக மாற்ற ஆசை. கடையில் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை. ஜன்னலுக்கு வாங்கிய கொசுவலை மீதம் இருக்கிறது, அதை வைத்தே செய்யலாமா? பழைய சின்னத்தை நடுவில் மாட்ட வழி உண்டா? – செங்கல்பட்டு வாசகர்

பதில்: தாராளமாக வீட்டிலேயே செய்யலாம். கொசுவலை மட்டும் வேண்டாம். கிரில்லுக்குப் பின்னால் ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டன்ஸர், அதற்கும் பின்னால் இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர். இரண்டுக்கும் காற்று போகும் முக்கியமான வழி அது. கொசுவலையின் கண்ணி மிகச் சிறியது. போதாக்குறைக்கு நெடுஞ்சாலையில் ஒரு ராத்திரி ஓட்டினால் பூச்சியும் தூசியும் அடைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஏசி போட்டு டிராஃபிக்கில் நின்றால் முதலில் ஏசி குளிர்ச்சி குறையும், அப்புறம் டெம்பரேச்சர் முள் ஏறும்.

ஹார்ட்வேர் கடையில் வட்டத் துளை போட்ட ஜல்லடை ஷீட்டைக் காட்டுவார்கள். பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் 5 மி.மீ. துளை, துளை மையத்துக்கு மையம் 8 மி.மீ. இடைவெளி என்றால் காற்றுக்குத் திறந்திருப்பது சுமார் 35 சதவீதம்தான். மீதியெல்லாம் தகரம். அதே இடத்தில் 1 மி.மீ. கம்பியில் 10 மி.மீ. கட்டம் உள்ள வலை என்றால் 80 சதவீதத்துக்கு மேல் திறப்பு. 10 மி.மீ. அளவில் கண்ணி உள்ள அலுமினிய டயமண்ட் மெஷ் (வைர வடிவக் கண்ணி உள்ள வலை) கிடைத்தால் அதை வாங்குங்கள். துரு பிடிக்காது, கத்தரிக்கு வளைந்துகொடுக்கும். ஒரு விஷயம்: தட்டையாக உருட்டாத டயமண்ட் மெஷ்ஷில் இழைகள் சாய்ந்து நிற்கும். ஒரு பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும், திருப்பிப் பிடித்தால் ஜன்னல் பலகை மூடியதுபோல் இருக்கும். கார் முன்னால் நின்று நேராகப் பார்க்கும்போது எந்தப் பக்கம் திறந்து தெரிகிறதோ அப்படியே மாட்டுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பழைய கிரில்லைத் தூக்கி எறியாதீர்கள். ஓரச் சட்டம் நன்றாக இருந்தால் அதுவே உங்கள் ஃபிரேம். அதுவும் விரிசல் விட்டிருந்தால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய வண்டிப் பாகக் கடைகளில் பழசு ஒன்று தேடுங்கள். கழற்றும்போது அவசரம் கூடாது. இருபது வருஷ பிளாஸ்டிக் கிளிப், இழுத்தால் உடையும். வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்தி, சூடேறிய பிறகு மெதுவாக நெம்புங்கள். பட்டைகளை ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிட்டு ஓரத்தை உப்புத்தாளால் தேயுங்கள்.

அட்டையில் அளவு வெட்டி, ஃபிரேமுக்குள் வைத்துப் பார்த்து, அப்புறம் மெஷ்ஷை வெட்டுங்கள். சுற்றிலும் 2 செ.மீ. கூடுதலாக விட்டுப் பின்பக்கம் மடியுங்கள். வெட்டிய முனைகள் பிளேடு மாதிரி இருக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஒட்டுவதற்கு முன் பெயின்ட். அலுமினியத்தின் மேல் நேரடியாக ஸ்ப்ரே அடித்தால் சில மாதத்தில் உரியும். உப்புத்தாள் போட்டு, தின்னரால் துடைத்து, உலோகத்தைக் கவ்விப்பிடிக்கும் எட்ச் பிரைமர் அடித்து, அதன் மேல் மேட் பிளாக் இரண்டு மூன்று மெல்லிய கோட். பக்கத்தில் பவுடர் கோட்டிங் பட்டறை இருந்தால் இன்னும் நல்லது. மெஷ்ஷை மட்டும் கொடுங்கள். அந்த அடுப்பு 180 டிகிரிக்கு மேல் போகும், பிளாஸ்டிக் ஃபிரேம் உருகிவிடும்.

ஒட்டுவது பசையா, ஸ்குரூவா? ஃபிரேமின் பின்னால் ஏபிஎஸ் (ABS) அல்லது பிபி (PP) என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா பாருங்கள், இரண்டும் பிளாஸ்டிக் வகைகள். ஏபிஎஸ் என்றால் சொரசொரப்பாகத் தேய்த்து அரால்டைட் என்ற எப்பாக்ஸி பசை போடலாம், ஒரு நாள் முழுக்க அசையாமல் காயவிடுங்கள். பிபி-யில் எப்பாக்ஸி பிடிக்காது, அதற்கு இப்படி: சின்ன ஸ்குரூ, வாஷர், இடையிடையே கறுப்பு கேபிள் டை. இரும்பு ஸ்குரூ அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு மழையில் நனைந்தால் அந்த இடம் அரிக்கும், அதனால் ரப்பர் வாஷர் போடுங்கள். நான் ஏபிஎஸ் ஆனாலும் நான்கு மூலையில் ஸ்குரூ போடச் சொல்வேன். பசையை மட்டும் நம்பி ஓடும் வண்டியில் எதையும் விடக்கூடாது. மெஷ்ஷுக்கும் கண்டன்ஸருக்கும் நடுவே 2 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். அதிர்ந்து அதிர்ந்து உரசினால் கண்டன்ஸர் ஓட்டையாகி ஏசி கேஸ் போய்விடும். அந்தச் செலவுக்கு நாலு கிரில் வாங்கலாம்!

மாட்டிய பிறகு, மத்தியான வெயிலில் ஏசி போட்டு, வண்டியை நகர்த்தாமல் இன்ஜினை 20 நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஃபேன் முன்பு போலவே ஓடி, நின்று, ஓடுகிறதா? முள் வழக்கமான இடத்தில் நிற்கிறதா? இல்லையென்றால் கழற்றி, பெரிய கண்ணியாக மாற்றுங்கள்.

மெஷ்ஷோடு சேர்த்து பம்பருக்கு முன்னால் இரும்புக் குழாய்த் தடுப்பு (புல் பார்) மாட்டச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

சின்னத்தை மெஷ்ஷிலேயே ஒட்டினால் நிற்காது, ஒட்டப் பரப்பு போதாது. பின்பக்கம் ஒரு விரல் அகல அலுமினியப் பட்டையைக் கறுப்படித்து வைத்து, பட்டைக்கும் சின்னத்துக்கும் இடையில் மெஷ் வரும்படி, சின்னத்தின் பின்னால் உள்ள காலை அதில் ஸ்குரூ போட்டு முடுக்குங்கள். பட்டை இன்னும் அகலமானால் அது காற்றை மறைக்கும்.