கிரிட்டாவில் வண்ணத் தூரிகை செய்ய: தீற்றலை அல்ல, தூரிகை நுனியைப் பதியுங்கள்

கேள்வி: கணினியில் ஓவியம் வரையும் மென்பொருளான கிரிட்டாவில் போஸ்டர் கலர் போலத் தெரியும் பிரஷ் ஒன்றை உருவாக்கப் பார்க்கிறேன். காகிதத்தில் இழுத்த ஒரு தீற்றலை ஸ்கேன் செய்து பிரஷ் முனையின் படமாக வைத்தேன். வரைந்தால் மங்கலான பட்டைதான் வருகிறது. ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டினால் முத்திரை குத்தியது போல் ஆகிறது. வண்ணங்களும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. எங்கே தவறு?

பதில்: தவறு முனையில்தான். கணினியில் ஒரு கோடு என்பது முனையின் படத்தை மிக நெருக்கமாக, அடுத்தடுத்துப் பதித்துக்கொண்டே போவது. நீங்கள் முழுத் தீற்றலையே முனையாக வைத்திருக்கிறீர்கள். அதிலுள்ள கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அழிந்துபோகின்றன. முனையில் இருக்க வேண்டியது தூரிகையின் மயிர் நுனிகள் மட்டும். தனித்தனியாக நிற்கும் புள்ளிகள் நகரும்போது ஒவ்வொன்றும் ஒரு கீற்றாக நீளும். நிஜத் தூரிகையிலும் நடப்பது இதுதானே.

அதனால் மறுபடி தொடங்குங்கள். பழைய தட்டைத் தூரிகை ஒன்றில் கறுப்பு போஸ்டர் கலரைக் கெட்டியாக எடுத்து, முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்துக் காகிதத்தில் மெல்லத் தொட்டு எடுங்கள். இழுக்கக் கூடாது. இருபது முப்பது முறை தொட்டால் நல்லதாக இரண்டு மூன்று கிடைக்கும். மயிர்கள் பிரிந்து, நடுநடுவே வெள்ளை தெரிகிற பதிவைத் தேர்ந்தெடுங்கள். இந்த வேலையில் அவசரம் வேண்டாம், பிரஷ்ஷின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஸ்கேன் செய்ததைக் கறுப்பு வெள்ளையாக்கி, 400 பிக்சல் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கிரிட்டாவில் கறுப்பு என்பது வண்ணம் படியும் இடம், வெள்ளை என்பது படியாத இடம். (ப்ரோகிரியேட் என்ற ஓவியச் செயலியில் இது நேர்மாறு.) கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் காகிதம் உண்மையில் இளம் சாம்பலாக இருக்கும். வெளிச்ச அளவைத் திருத்தும் லெவல்ஸில் அதைச் சுத்த வெள்ளையாக்காவிட்டால் ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் சதுர விளிம்பு தெரியும். அப்புறம் எஃப் 5 அழுத்தி பிரஷ் எடிட்டரைத் திறந்து, முனைப் பகுதியில் அந்தப் படத்தைச் சேர்த்துவிடுங்கள்.

பிரஷ் வண்ணத்தை எப்படி வைக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் எஞ்சின் விஷயத்துக்கு வருவோம். பிக்சல் எஞ்சின் வண்ணத்தை மேலே வைக்குமே தவிர, கீழே இருப்பதைக் கலக்காது. உங்களுக்கு வேண்டியது கலர் ஸ்மட்ஜ் எஞ்சின். அதில் ஸ்மட்ஜ் லெங்த் ஏற்கெனவே உள்ள வண்ணத்தை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்வது என்பதைச் சொல்கிறது. கலர் ரேட் புது வண்ணத்தை எவ்வளவு சேர்ப்பது என்பதைச் சொல்கிறது. கலர் ரேட்டை பேனா அழுத்தத்தோடு இணையுங்கள். அழுத்தினால் புது வண்ணம் படியும், லேசாகத் தடவினால் இருப்பது கலையும். ஒரே பிரஷ்ஷில் தீட்டவும் குழைக்கவும் முடிவது அவ்வளவு சுகம்!

இடைவெளியை 0.05க்குப் பக்கத்தில் வையுங்கள். இன்னும் குறைத்தால் கீற்று மழமழப்பாகும், ஆனால் பெரிய அளவில் வரையும்போது கணினி திணறும். சுழற்சியில் டிராயிங் ஆங்கிள் கட்டாயம், அப்போதுதான் வளைவுகளில் தூரிகை கையோடு திரும்பும். முனை படுத்த வாக்கில் வந்தால், அதன் கோணத்தை 90 டிகிரி திருப்பினால் சரி. அதே இடத்தில் உள்ள ஃபஸ்ஸி டேப் (Fuzzy Dab) மட்டும் வேண்டாம். ஒவ்வொரு பதிவையும் அது வேறு வேறு கோணத்தில் திருப்புவதால் கீற்றுகள் அறுந்துபோகும்.

காகிதத்தின் சொரசொரப்பு வேண்டுமென்றால் அதை முனைக்குள் திணிக்காதீர்கள், அது தூரிகையோடு சேர்ந்து நகரும். டெக்ஸ்சர் பகுதியில் தனியாகக் கொடுத்தால், நிஜக் காகிதம் போல ஒரே இடத்தில் நிற்கும்.

சோதிக்கும்போது வெள்ளைத் திரையில் கிறுக்கிப் பார்ப்பது போதாது. சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் பூசி, இரண்டும் சேரும் விளிம்பில் பிரஷ்ஷை ஓட்டுங்கள். அங்கே ஊதாக் கீற்றுகள் தனித்தனியாகத் தெரிந்தால், புதுப் பெயர் கொடுத்துச் சேமித்துவிடலாம்.