தாத்தாவின் பர்மா பச்சைக்கல்: விற்கும் முன் தண்ணீரில் எடை போடுங்கள்

கேள்வி: 1964-ல் ரங்கூனிலிருந்து திரும்பிய என் தாத்தா கொண்டுவந்த பச்சைக்கல் ஒன்று வீட்டில் இருக்கிறது. எதிலும் பதிக்காத தனிக்கல். முட்டை வடிவம், மேல்பக்கம் குவிந்திருக்கும். ‘பர்மா ஜேட்’ என்பார். தருமபுரியில் ஒரு நகைக்கடையில் காட்டியபோது “கல்லுக்கு விலை கிடையாதும்மா” என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் பத்தாயிரம் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?
– பாலக்கோடு வாசகி

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பத்தாயிரம் ரொம்ப அதிகமாகவும் இருக்கலாம், ரொம்பக் குறைவாகவும் இருக்கலாம். நகைக்கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய நகை வாங்கும்போது கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் காசு கொடுப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். ஜேட் அவர் கைக்கு அடிக்கடி வரும் கல்லும் இல்லை.

ஜேட் என்ற ஒரே பெயரில் இரண்டு கனிமங்கள் உலவுகின்றன: ஜேடைட், நெஃப்ரைட். இரண்டும் வேறு என்று 1863-ல் பிரித்துக் காட்டியவர் தமூர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பர்மாவின் காச்சின் மாநிலத்தில் கிடைப்பது ஜேடைட். பெரிய விலை போகும் பச்சை ஜேட் அதுதான். இவை தவிர, ‘இந்தியன் ஜேட்’ என்று கடைகளில் விற்கும் அவென்சுரின், உண்மையில் குவார்ட்ஸ் என்ற படிகக்கல் வகை. சில நூறு ரூபாய்க் கல். சாயமேற்றிய குவார்ட்ஸும் பச்சைக் கண்ணாடியும்கூட ஜேட் என்று விலை போகின்றன. ரங்கூனிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஜேடைட் ஆகிவிடாது.

இதைப் பிரிக்க எளிய வழி அடர்த்தி. தங்கம் எடை போடும் தராசு போதும். முதலில் கல்லை அப்படியே எடை போடுங்கள். அப்புறம் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது, கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும். உதாரணமாக, கல் 4.20 கிராம், தண்ணீரில் தராசு 1.26 காட்டுகிறது என்றால் விடை 3.33. அது ஜேடைட்டின் எண். அதே எடையுள்ள நெஃப்ரைட்டுக்கு 1.42 காட்டும், அடர்த்தி 2.95. அவென்சுரினுக்கு 1.58, விடை 2.65 பக்கம் வரும். 2.65 வந்தால் பத்தாயிரத்தைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது ஜேட் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு.

3.3 வந்தால் அவசரமே வேண்டாம். கார்னெட் என்ற வேறொரு ரத்தினக்கல்லில் ஒரு பச்சை வகையும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும் என்பதால் பரிசோதனைக் கூடம் அவசியம். ஆனாலும் உங்கள் கல்லுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. மட்டமான ஜேடைட்டை நல்லதாகக் காட்ட அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றும் வேலை சந்தையில் பரவியது 1980-களில். 1964-ல் வந்த கல்லில் அதற்கு வாய்ப்பில்லை. அந்த வருஷத்தைக் காட்டும் காகிதமோ பழைய புகைப்படமோ இருந்தால் பத்திரமாக வையுங்கள். சாயம் ஏற்றுவது அதற்கு முன்பும் உண்டு. அதை மட்டும் பார்க்க வேண்டும். வாட்ச் ரிப்பேர் செய்பவர் கண்ணில் செருகும் லென்ஸ் கிடைத்தால், பச்சை நிறம் விரிசல்களில் நரம்பு மாதிரி தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள்.

தரம் பார்க்க, கல்லைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, வெயில் நேராக விழாத திண்ணையில் வெள்ளைத் தாள்மேல் வையுங்கள். கருக்காமல், சாம்பல் படியாமல், கல் முழுக்க ஒரே சீராகப் பரவிய பச்சைக்குத்தான் மதிப்பு. அடுத்து, அடியிலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பது. ஊடுருவினால் விலை ஏறும். சுண்ணாம்பு மாதிரி அடைத்து நின்றால் இறங்கும். குறுக்கே ஒரு வெடிப்பு ஓடினால் பெரிய அளவில் அடிபடும். கல்லின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கருத்த கல்லை வெளிறிக் காட்ட அடியில் குடைந்திருப்பார்கள். கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் பலகையைச் சாய்த்துப் பளபளப்பு பார்ப்பதுபோல, கல்லைச் சாய்த்து மேற்பரப்பைப் பாருங்கள். நெருக்கமான மணியுள்ள கல் கண்ணாடிபோல் மின்னும். பெருமணிக் கல்லில் ஆரஞ்சுத் தோல்போல் குழி தெரியும்.

யார் சொன்னாலும் கத்தியால் கீற வேண்டாம், நெருப்பில் காட்ட வேண்டாம்.

இவ்வளவு தேறினால் ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அங்கே ரத்தினப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. கேட்க வேண்டியது இரண்டு: இது ஜேடைட்தானா, பிசினோ சாயமோ ஏற்றியிருக்கிறதா. அறிக்கையில் விலை இருக்காது. ஒரு கேரட் எடைக்கு இவ்வளவு என்ற நிலையான விலையும் ஜேடைட்டுக்குக் கிடையாது. ஒவ்வொரு கல்லுக்கும் தனி விலைதான். பெரிய சந்தை ஹாங்காங்கிலும் சீனாவிலும் இருப்பதால் இங்கே கேட்கும் விலை குறைவாகத்தான் இருக்கும். அறிக்கையோடு குறைந்தது மூன்று கல் வியாபாரிகளிடம் காட்டுங்கள். அந்தப் பத்தாயிரம்காரரிடமும் அறிக்கையைக் காட்டிவிட்டு, இப்போது என்ன தருவீர்கள் என்று கேளுங்கள்.