ஆண்–பெண் பற்றிக் குழந்தைகளுக்கு இருக்கும் எண்ணங்களை ஆராயும் குழுவில் மாணவ உதவியாளருக்கு என்ன வேலை?

கோவையில் உளவியல் படித்துக்கொண்டே இந்த வேலையில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. பாதி நாள் அங்கன்வாடித் தரையில் உட்கார்ந்து குழந்தைகளிடம் கேள்வி கேட்பதில்தான் கழியும். பெற்றோர் ஒப்புதல் இருந்தாலும், குழந்தை 'வேண்டாம்' என்றால் விட்டுவிட வேண்டும்.

சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. 'டிராக்டர் ஓட்டுறவன் யாரு கண்ணு?' என்றால் கேள்வியே விடையைச் சொல்லிவிடும். 'ஓட்டுறவங்க யாரு?' என்று கேளுங்கள். (கொங்கு நாக்குக்கு 'ங்க' பழக்கம்தானே!) எந்தப் பதிலுக்கும் முகத்தில் வியப்பு தெரியக் கூடாது.

அப்புறம் ஒலிப்பதிவை எழுத்தாக்கி, பதில்களை இருவர் தனித்தனியாக வகைப்படுத்தி ஒப்பிடுவது. அலுப்பான வேலைதான்.

வயதைச் சரியாகக் குறியுங்கள். 2017இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், 'ரொம்ப ரொம்பப் புத்திசாலி' யார் என்பதற்கு 5 வயதில் சிறுவர், சிறுமியர் இருபாலரும் ஏறக்குறைய ஒரே அளவில் தம் பாலினத்தையே காட்டினார்கள். 6 வயதுச் சிறுமிகளிடம் அது குறைந்திருந்தது.