எல்லாவற்றுக்கும் நடுக்கட்டம்

அன்புள்ள அம்மா,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டேன். குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அப்பா, "பி.எட். படி, வேலையாவது கிடைக்கும்" என்கிறார். எனக்கும் ஒரு சந்தேகம். ஐந்து வருடம் புள்ளிவிவரங்களோடு உட்கார்ந்தால் ஒரு பிள்ளைக்காவது பிரயோஜனம் உண்டா? கவுன்சிலிங் பக்கமே போய்விடலாமா? நீங்கள் இந்தத் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

வாசகி, கோத்தகிரி

அன்புள்ள வாசகிக்கு,

அப்பாவின் கவலை நியாயமானது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும் என்று அவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, முனைவர் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளராகச் சிகிச்சை தர முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும்.

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளியில் எஸ்.டி.க்யூ. வினாத்தாள் கொடுத்தேன். பிள்ளைகளின் மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிய உதவும் தாள் அது. ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்டது. 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை என்று மூன்று கட்டங்கள். எட்டாவது படிக்கும் ஒரு பெண் 25க்கும் நடுக்கட்டத்திலேயே டிக் போட்டிருந்தாள். ஏம்மா என்று கேட்டேன்.

"நடுவுல போட்டா யாரும் திட்ட மாட்டாங்க டீச்சர்."

நடுக்கட்டத்துக்கு ஒரு மதிப்பெண். நற்பண்பு பற்றிய ஐந்து வாக்கியங்கள் கூட்டலில் சேராது. அதனால் அந்தத் தாளைக் கூட்டினால் 20 வரும். பிள்ளைகளே நிரப்பும் தாளில் 20 என்றால் பிரச்சினை அதிகமுள்ள பிரிவு. திட்டுக்குப் பயந்த பிள்ளையைக் கணக்கு அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். வராந்தாவில் உட்காரவைத்துப் பேசினேன். பென்சிலைத் திருகிக்கொண்டே, தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்றாள். அம்மா கொழுந்து பறிக்கக் கிளம்பிய பிறகுதான் வலிக்குமாம். அம்மாவிடம் சொன்னதேயில்லை.

மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் 1960களில் இங்கிலாந்தின் வைட் தீவில் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் தனித்தனியாகக் கேட்டார். இரு தரப்பும் சுட்டிக்காட்டிய பிள்ளைகள் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். நம் மலையில் இது இன்னும் கஷ்டம். அம்மா விடிந்ததும் தோட்டத்தில், டீச்சர் மாலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில். வீட்டில் படுக மொழி, பள்ளியில் தமிழ் என்றிருக்கும் பிள்ளை தன் தவிப்பை எந்த மொழியில் சொல்லும்?

2015-16இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை என்றது. தமிழ்நாடும் அதில் உண்டு. ஆனால் அந்த எண்ணில் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் தனியாகத் தெரிய மாட்டார்கள். கவுன்சிலரிடம், யாராவது கூட்டிவரும் பிள்ளைதான் வரும். யாரும் கூட்டிவராத அந்த வயிற்றுவலிக்காரியைத் தேடிப் போக ஆய்வு வேண்டும். பிரயோஜனம் உண்டு, நிச்சயமாக உண்டு.

ஒரே ஒரு நிபந்தனை. பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்பதற்காகப் பிள்ளையைக் கேட்காமல் இருக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி 7 வயது முதல் பிள்ளையின் இசைவும் வேண்டும். செத்துப்போகணும் போலிருக்கு என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கே யாரிடம் கூட்டிப்போவீர்கள் என்பதைப் பள்ளிக்குள் நுழையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416 உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம், அந்த நோட்டை இப்போதே தொடங்குங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் மனக்கஷ்டத்தை எந்தெந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று அப்படியே எழுதி வாருங்கள். பத்துப் பக்கம் சேர்ந்ததும் அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.