பிங்க் தாளும் கழிப்பறைச் சாவியும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மேற்கு ஆப்பிரிக்கா பற்றிச் சென்ற மாதம் எழுதிய குறிப்பில் கானாவை 'வேரூன்றிய ஜனநாயகம்' என்று சொல்லியிருந்தீர்கள். என் நண்பன் ஒருவன் ஐந்தாண்டுகளாக அக்ராவில் வேலை பார்க்கிறான். அவனிடம் அதைப் படித்துக் காட்டினேன். "ரெண்டு கட்சி இருக்கு. மாறி மாறி வருவாங்க, மாறி மாறிச் சாப்பிடுவாங்க. அவ்வளவுதான்" என்றான். மாலி, கினி, புர்கினா பாசோ, நைஜர் என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் ராணுவம் வந்துவிட்டது. கானாவில் மட்டும் வராததற்கு அந்த மக்களின் குணம் காரணமா, சட்டம் காரணமா? அங்குள்ள ஆட்சிமுறையைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

அன்புடன்
க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

குணம் என்ற விளக்கத்தை முதலில் விட்டுவிடுவோம். ராணுவ ஆட்சியைக் கானா அளவுக்கு அனுபவித்த நாடுகள் குறைவு. 1966இல் முதல் அதிபர் குவாமே நிக்ருமாவைக் கவிழ்த்தார்கள். 1972இல் பிரதமர் புசியாவை. 1978இல் ஒரு தளபதியை இன்னொரு தளபதி இறக்கினார். 1979 ஜூன் 4 அன்று விமானப்படை அதிகாரி ஜெர்ரி ராலிங்ஸ் வந்தார். அந்த மாதமே முன்னாள் ஆட்சித் தலைவர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தேர்தலில் வென்ற லிமானிடம் ஆட்சியை ஒப்படைத்த ராலிங்ஸ், 1981 டிசம்பர் 31 அன்று அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். 1982இல் மூன்று உயர்நீதிமன்ற நீதிபதிகளை இரவில் வீடு புகுந்து கடத்திப்போய்க் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் கைக்குழந்தையின் தாய். இதில் பெரும்பகுதி இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள் கண்ணால் பார்த்தது. ராணுவம் வந்தால் விடியும் என்று அந்தத் தலைமுறையிடம் யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

இப்போதைய அரசியலமைப்பு 1992 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. நான்காம் குடியரசு என்பார்கள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அதிபர், நான்காண்டுப் பதவிக்காலம், அதிகபட்சம் இரண்டு முறை, ஒரே அவை கொண்ட நாடாளுமன்றம். டிசம்பர் 7 வாக்குப்பதிவு, ஜனவரி 7 பதவியேற்பு. ஆனால் அந்த 1992இல் முதல் தேர்தல் நடந்த லட்சணம் மோசம். வென்றவர் ராலிங்ஸேதான். அதிபர் தேர்தல் திருடப்பட்டது என்று சொல்லி எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தன. 200 இடங்களில் 189 ராலிங்ஸின் கட்சியான என்.டி.சி.க்கே போனது.

திருப்பம் அதற்குப் பிறகுதான் வந்தது. தேர்தல் ஆணையத் தலைவர் அஃபாரி ஜான் எல்லாக் கட்சிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எதையெல்லாம் சந்தேகப்படுகிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். பெட்டியைச் சந்தேகப்பட்டார்கள், 1996இல் உள்ளே தெரியும் வாக்குப்பெட்டிகள் வந்தன. ஆள்மாறாட்டத்தைச் சந்தேகப்பட்டார்கள், பின்னாளில் புகைப்படமும் கைரேகையும் வந்தன. எண்ணிக்கையோ வாக்குச்சாவடியிலேயே, வாக்களித்தவர்கள் சுற்றி நின்று பார்க்க நடக்கிறது. முடிவை எழுதும் படிவத்தில் கட்சி முகவர்கள் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துப் போகிறார்கள். அந்தப் படிவத்துக்கு அங்கே பிங்க் தாள் என்று பெயர். கானா ஜனநாயகத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அரசியலமைப்பின் எந்தப் பிரிவையும் காட்டமாட்டேன், இந்தத் தாளைத்தான் காட்டுவேன். அங்கே ஒருவரை ஒருவர் நம்பும்படி யாரும் யாரையும் கேட்கவில்லை. நம்பாதவர்கள் சேர்ந்து எண்ணுவதற்கு ஒரு வழி செய்துகொண்டார்கள்.

அந்த வழி கடும் சோதனைகளைத் தாங்கியது. 2001இல் ராலிங்ஸின் கட்சி தோற்று, மற்ற பெரிய கட்சியான என்.பி.பி.யின் குஃபோரிடம் ஆட்சி அமைதியாகக் கைமாறியது. 2008இல் யாருக்கும் 50 சதவீதம் கிடைக்காமல் இரண்டாம் சுற்று நடந்தது. அதிலும் முடிவு தெரியவில்லை. டாயின் என்ற ஒரு தொகுதியில் மட்டும் வாக்குப்பதிவு நடந்திருக்கவில்லை. 2009 ஜனவரி 2 அன்று அந்த ஒரு தொகுதி வாக்களிப்பதற்காக நாடு முழுவதும் காத்திருந்தது. கடைசியில் முதல் சுற்றில் பின்தங்கியிருந்த என்.டி.சி. வேட்பாளர் மில்ஸ் 40,586 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ஆளுங்கட்சி தோற்று, வெளியேறியது. 2012 தேர்தல் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 26,002 வாக்குச்சாவடிகளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் பிங்க் தாள்களைக் காட்டி, தோற்ற என்.பி.பி. வழக்காடியது. மாதக்கணக்கில் அந்த விசாரணை நேரலையில் ஒளிபரப்பானது. 2013 ஆகஸ்ட் 29 அன்று வழக்கு தள்ளுபடியானபோது, தீர்ப்பு சரியில்லை என்றாலும் ஏற்கிறேன் என்றார் அக்கட்சியின் வேட்பாளர் அகுஃபோ அடோ. அடுத்த தேர்தலில் அவரே அதிபர். 2024 டிசம்பரில் ஆளுங்கட்சி வேட்பாளர் பவுமியா, ஆணையம் முடிவை அறிவிக்கும் முன்பே, தங்கள் கட்சி திரட்டிய கணக்கை வைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். தன் கையிலேயே கணக்கு இருக்கும்போது எதை மறுப்பது?

எல்லாம் சாந்தமாக நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 2020 தேர்தலில் உயிர்கள் போயின. 2021 ஜனவரியில் நாடாளுமன்றத் தலைவரைத் தேர்ந்தெடுத்த இரவில் ஓர் உறுப்பினர் வாக்குச்சீட்டுகளைப் பறித்துக்கொண்டு ஓடினார். அவைக்குள் சிப்பாய்கள் நுழைந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இனி உங்கள் நண்பரின் 'மாறி மாறிச் சாப்பிடுவாங்க'. எண்ணுவதில் காட்டிய கவனத்தைக் கானா, எண்ணி முடித்து வென்றவருக்கு எவ்வளவு அதிகாரம் தருவது என்பதில் காட்டவில்லை. அரசியலமைப்பின் வரைவு ராலிங்ஸ் ஆட்சியின் நிழலில்தான் எழுதப்பட்டது. ராணுவ ஆட்சிக் காலச் செயல்களுக்காக யார் மீதும் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு விதியும் அதிலேயே இருக்கிறது. அந்த அரசியலமைப்பின்படி அமைச்சர்களில் பெரும்பான்மையோர் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவே இருக்க வேண்டும். அமைச்சர் பதவியை எதிர்பார்த்திருக்கும் உறுப்பினர் அதிபரைக் கேள்வி கேட்பாரா? 2020 தேர்தலில் இரு கட்சிகளும் தலா 137 இடம், ஒருவர் சுயேச்சை என்று ஆனபோதுதான் நாடாளுமன்றத்துக்குக் குரல் வந்தது. கைபேசிப் பணப் பரிமாற்றத்துக்கு 1.5 சதவீத வரி விதிக்க அரசு மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் கீழே இருக்கிறது. நாட்டில் 261 மாவட்ட, நகர மன்றங்கள். அவற்றின் நிர்வாகத் தலைவர் ஒவ்வொருவரையும் அதிபர்தான் நியமிக்கிறார். மன்றத்தின் ஒப்புதல் வேண்டும், உண்மைதான். ஆனால் மன்ற உறுப்பினர்களில் 30 சதவீதம் பேர் வரை அதிபர் நியமிப்பவர்களே. உள்ளாட்சித் தேர்தலில் கட்சிகள் வெளிப்படையாக நிற்கவும் கூடாது. ஆட்சி மாறினால் 261 தலைவர்களும் போய்விடுவார்கள்.

இந்த அமைப்பு எதுவரை இறங்குகிறது என்பதை 2009இல் பார்த்தோம். மில்ஸ் வென்றதும், 'காலாட்படை' என்று அங்கே அழைக்கப்படும் கட்சித் தொண்டர்கள் பேருந்து நிலையங்களுக்கும் பொதுக் கழிப்பறைகளுக்கும் போய் அங்கிருந்தவர்களை விரட்டினார்கள். வீட்டில் கழிப்பறை இல்லாதவர்கள் நிறைந்த நகரங்களில் கட்டணக் கழிப்பறை அன்றாடம் காசு வரும் இடம். அதன் சாவி முன்பு தோற்ற கட்சிக்காரர் கையில் இருந்தது. வேலைவாய்ப்பு இல்லாத ஊரில் நான்காண்டு கொடி பிடித்த இளைஞனுக்கு அந்தச் சாவிதான் கூலி. நான் அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். அவனுக்கு வேறெதையும் தராத ஏற்பாட்டைத்தான் சொல்வேன்.

இதைக் கானா அரசியல்வாதிகள் அறியாதவர்கள் அல்ல. மாவட்டத் தலைவர்களை மக்களே தேர்ந்தெடுக்கவும், உள்ளாட்சியில் கட்சிகள் போட்டியிடவும் வழிசெய்யும் திட்டத்துடன் 2019 டிசம்பர் 17 அன்று பொதுவாக்கெடுப்பு நடப்பதாக இருந்தது. எதிர்க்கட்சியான என்.டி.சி. எதிர்த்தது. நாள் நெருங்கும்போது அகுஃபோ அடோ அதைக் கைவிட்டார். 2025இல் மீண்டும் அதிபரான மகாமா, பேராசிரியர் பிரெம்பே தலைமையில் அரசியலமைப்பை மறுஆய்வு செய்யக் குழு அமைத்தார். மில்ஸ் 2010இல் அமைத்த ஆணையத்தின் பரிந்துரைகள் கிடப்பில் கிடப்பதை அறிந்ததால் எனக்கு இதில் ஆசையும் அச்சமும் சமமாக இருக்கின்றன.

உங்கள் நண்பரிடம் எனக்காக ஒன்று விசாரித்துச் சொல்லுங்கள். அவர் குடியிருக்கும் பகுதியின் மன்றத் தலைவர் யார், 2025க்கு முன் அங்கே யார் இருந்தார், முன்னவர் தொடங்கிய சாக்கடை வேலையோ சந்தை வேலையோ இவர் காலத்தில் தொடர்கிறதா? அந்த ஊரில் ஐந்தாண்டு நடந்தவருக்கு அது கண்ணில் பட்டிருக்கும்.